ஹானுஸுக்கு மட்டும் காய்ச்சல் இல்லை

திமிங்கில வேட்டைக்கு எல்லோரும் வந்திருந்தார்கள்.
ஃபாரோ தீவுகள், 1846, கோடை.
குடாவின் நீர் சிவந்து
கரையில் இறைச்சி பங்கிட்டபோது
யாரோ ஒருவர் இருமினார்.
அவ்வளவுதான்.

பதினான்காம் நாள்
புல் வேய்ந்த கூரைகளில் புகை எழவில்லை.
பசுக்கள் மடி கனத்துக் கதறின.
ஹானுஸ் மட்டும் எழுந்து
பதினொரு வீட்டுப் பசுக்களையும் கறந்தார்.
எழுபத்தொரு வயது.
கடைசிப் பசுவிடம் வரும்போது விரல்கள் அவருடையவையாக இல்லை.

நம் மொழியில் அதற்கு அம்மை என்று பெயர்.
தாயே என்று அழைத்துத் தணிக்கப் பார்ப்போம்.
அங்கே அப்படி யாருமில்லை.
மூடிய சன்னல், ஆட்டுத்தோல் போர்வை,
வாசலில் ஒரு வாளிப் பால்.

சுன்னிவாவின் மூச்சுக்குழலில்
முதலில் விழித்தவை பெயர் கேட்கவில்லை.
முகம் தெரியாது அவற்றுக்கு, வாடை தெரியும்:
இது நம்முடையது அல்ல.
பிடிபட்ட செல் சாகுமுன்
பக்கத்துச் செல்லுக்கு ஒரு சொல் அனுப்பியது,
கதவைச் சாத்து.
அடையாளச் சீட்டை மறைத்தவனைக் கண்டால்
விசாரணையின்றிக் கொல்லும் ஒரு காவல்.
உடம்பை அடுப்பாக்கிய காய்ச்சலும் அவர்கள் மூட்டியதே.
வெல்வதற்கு அல்ல,
நாள் வாங்குவதற்கு.

மற்றவர்கள் தாமதமாகத்தான் வருவார்கள்.
கிளை கிளையாய்க் கை நீட்டிய ஒரு செல்
பகைவனின் துணுக்கொன்றைப் பற்றிக்கொண்டு
கழுத்தடி நிணக்கணுவுக்கு நடக்கிறது.
அங்கே லட்சம் பேர்.
ஒவ்வொருவரிடமும் ஒரே ஒரு பூட்டுக்கான சாவி.
இதுவா? இல்லை.
இதுவா? இல்லை.
யாருக்காவது பொருந்தும்வரை காட்டிக்கொண்டே நிற்க வேண்டும்.
பொருந்தியவன் இரண்டாகி, நான்காகி,
படையாவதற்குள் ஒரு வாரம் போய்விடும்.

தட்டம்மையின் சூது இங்கேதான்.
தூதுவனின் மடியிலேயே அது ஏறிக்கொள்ளும்.
சேதி சொல்லப் போனவன்
பகையையும் சேர்த்தே ஊருக்குள் கூட்டிப்போவான்.

காதுக்குப் பின்னே செம்புள்ளிகள் பூத்தன.
கணவன் த்ரோண்டுர் சுவரோரம் சரிந்து உட்கார்ந்தான்.
அவனுக்கு யார் சொல்வது,
அது எதிரி நட்ட கொடி அல்ல,
தாமதமாய் வந்தவர்கள் வந்து சேர்ந்த தடம் என்று.
அவர்கள் வார்த்த புரதம்
ஒவ்வொரு கிருமியின் முதுகிலும் குறியிட்டது.
முகம் தெரியாத முதற்காவலர்கள்
குறி பார்த்து விழுங்கினார்கள்.
குருடன் தோளில் முடவன் ஏறிய கதைதான்.
ஆனால் இங்கே இருவருக்கும் கொலை வேலை.

ஹானுஸ் ஆறு வயதில் ஒருமுறை படுத்தவர்.
அந்த ஆண்டு ஒரு தங்கை போனாள்.
அவள் முகம் அவருக்கு மறந்துவிட்டது,
பெயரும் சில நாள் வருவதில்லை.
எலும்பு மஜ்ஜைக்குள் சில செல்கள் மட்டும்
ஒன்றையும் விடவில்லை.
அந்த நோயோடு ஒரு கப்பலும் வராத
அறுபத்தைந்து ஆண்டுகள்
வராத பகைக்கு வேல் வடித்தபடியே இருந்தன.
அவருக்கு அது தெரியாது.
தன்னை ஏன் விட்டுவைத்தது என்று
கடலைப் பார்த்து ஒருமுறை கேட்டார்,
பிறகு வாளியைக் கழுவினார்.
இரண்டு வீடுகளில் கண்களை மூடிவிட வேண்டியிருந்தது.

சுன்னிவா பிழைத்தாள்.
புல்லறுக்கப் போனாள், கம்பளி நூற்றாள்.
குளிர் வந்ததும் சாதாரணச் சளி ஒன்று வந்தது,
சிறுவயது முதல் ஆண்டுதோறும் வந்துபோகிற அதே சளி.
அவள் உடம்பு அதை முன்பின் பார்த்தறியாததுபோல் விழித்தது.
போகிற போக்கில் தட்டம்மை
பழைய கணக்கேடுகளை எரித்துவிட்டுப் போயிருந்தது.
யாருக்கு எவ்வளவு கடன், எவன் திருடன்,
எல்லாம் முதலிலிருந்து எழுத வேண்டும்.

கதவு தட்டும் சத்தம்.
மறுபடியும் நீங்களா என்றாள் படுக்கையிலிருந்து.
ஹானுஸ் பாலை வைத்துவிட்டு
இரண்டடி தள்ளிப்போய்த் தும்மினார்.